அடுத்தவர் புழங்கிய தட்டு

கேள்வி: ஜூன் மாதம் மகன் வீட்டுக்கு ஹெல்சிங்கி போகிறோம். கடைக்குக் கூட்டிப்போ என்றால் மருமகள் பழைய சாமான் சந்தையைத்தான் சொல்கிறாள். அவ்வளவு தூரம் போய் அடுத்தவர் புழங்கியதையா வாங்குவது? மார்க்கெட்டில் பேரம் பேசிப் புதுசாக வாங்க முடியாதா?
- ஒரு வாசகி, திருச்சி

பதில்: உங்கள் மருமகள் சொல்வதைக் கேளுங்கள். அந்த ஊரைச் சரியாகத் தெரிந்துகொண்டுதான் சொல்கிறார்.

நீங்கள் முகம் சுளிக்கிற பொருளையே முதலில் எடுத்துக்கொள்வோம். ஹெல்சிங்கியில் 1873-இல் தொடங்கிய பீங்கான் ஆலை அராபியா. ஃபின்லாந்தில் அதன் தட்டோ கோப்பையோ இல்லாத சமையலறையைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அந்த ஆலை 2016-இல் உற்பத்தியை நிறுத்திவிட்டது. இன்று பெரிய கடையில் அதே பெயரில் கிடைக்கிற புதுப் பாத்திரங்கள் தாய்லாந்து, ருமேனியா போன்ற நாடுகளில் செய்து வருபவை. தரத்தில் குறை சொல்லவில்லை. ஆனால் ஹெல்சிங்கியிலேயே சுட்டெடுத்த தட்டுதான் வேண்டும் என்றால், அது யாரோ ஒரு பாட்டி வீட்டு அலமாரியிலிருந்து இறங்கி வந்ததாகத்தான் இருக்கும். நீங்கள் வேண்டாம் என்கிற சந்தையில்தான் அது கிடைக்கும்.

கையில் எடுத்ததும் தட்டைக் கவிழ்த்துப் பாருங்கள். அடியில் ஆலையின் முத்திரை இருக்கும். காலத்துக்குக் காலம் அதன் வடிவம் மாறியிருப்பதால், விவரம் தெரிந்தவர்கள் முத்திரையை வைத்தே வயதைச் சொல்லிவிடுவார்கள். அப்புறம் விளிம்பைச் சுற்றி விரலை ஓட்டுங்கள். கண்ணுக்குத் தப்பிய சிறு விரிசலும் விரலுக்குத் தட்டுப்படும். நாற்பது, ஐம்பது வருடம் சோறு போட்டும் நிறம் மங்காத தட்டு அது. அதை வாங்குவதில் கௌரவக் குறைச்சல் என்ன இருக்கிறது? அந்த ஊரில் வசதியானவர்களும் கூச்சமில்லாமல் வாங்குகிறார்கள். தங்கள் வீட்டுப் பொருளைக் கொண்டுவந்து விற்கவும் செய்கிறார்கள்.

ஹியெட்டலாஹ்தி சதுக்கத்தில் கோடைக்காலம் முழுக்கத் திறந்தவெளிச் சந்தை உண்டு. ஊர்க்காரர்களே இடம் பிடித்து உட்கார்ந்து விற்பார்கள். இங்கே நயமாகக் கேட்டால் விலை கொஞ்சம் இறங்கும். ஊருக்குள் இருக்கிற கிர்ப்புத்தோரி என்கிற பழைய சாமான் கடைகளில் முறை வேறு. ஒரு மேசையை வாரக் கணக்கில் வாடகைக்கு எடுத்து, சாமான்களில் விலைச்சீட்டு ஒட்டி வைத்துவிட்டு உரியவர் வீட்டுக்குப் போய்விடுவார். பணத்தைக் கடையின் கல்லாவில் கட்ட வேண்டியதுதான். பேரம் பேச எதிரே ஆளே இல்லை.

துறைமுகத்தை ஒட்டிய கவ்ப்பத்தோரி சதுக்கத்திலும் காய்கறி, பழம் விற்பவரிடம் தயவுசெய்து பேரம் பேசாதீர்கள். விலையைப் பலகையில் எழுதி வைத்திருப்பார்கள், அதுதான் விலை. அங்கே கோடை குறுகியது. ஜூன் கடைசியில் ஸ்ட்ராபெரி, அதைத் தொடர்ந்து பச்சைப் பட்டாணி, பிறகு காட்டுப் பெரிகள் என்று சில வாரங்களுக்குள் எல்லாம் வந்து போய்விடும். இவற்றைப் பெரும்பாலும் லிட்டர் கணக்கில்தான் தருவார்கள், நம் ஊர்ப் படியில் அளந்து கொட்டுவது போல. ஒரு லிட்டர் பட்டாணி வாங்கி, நடந்துகொண்டே தோலை உரித்துப் பச்சையாகத் தின்பது அவர்களுடைய கோடைச் சந்தோஷம். நீங்களும் தின்று பாருங்கள். நெகிழிப் பொம்மைகளும் கலைமான் படம் போட்ட பனியன்களும் அதே சதுக்கத்தில் கிடைக்கும், அவற்றுக்குப் பணத்தை இறைக்க வேண்டாம்.

பக்கத்திலேயே 1889-இல் திறந்த பழைய சந்தைக் கூடம் இருக்கிறது. கட்டடம் அழகு, ஆனால் சுற்றுலாக்காரர் கூட்டம் அதிகம். எனக்குக் கேட்டால் ஹகனியெமி கூடத்தைச் சொல்வேன். 1914-இல் வந்தது, பல வருடப் பழுதுபார்ப்புக்குப் பிறகு 2023-இல் மறுபடி திறந்தார்கள். கீழே மீனும் ரொட்டியும் பாலாடைக்கட்டியும், மேலே துணியும் கைவினைப் பொருளும். அன்றாடச் சாமான் வாங்க வருகிற உள்ளூர்க்காரர்களை அங்கே பார்க்கலாம்.

புதுசாக ஒன்றாவது வாங்கியே தீர வேண்டுமா? சரி, மரிமெக்கோ துணி வாங்குங்கள். 1951-இல் தொடங்கிய நிறுவனம். அதன் வடிவமைப்பாளர் மையா இசோலா 1964-இல் வரைந்த பெரிய பாப்பிப் பூ இன்றும் அச்சாகிறது. ஹெர்ட்டோனியெமியில் அவர்களுடைய அச்சுக்கூடம் இருக்கிறது, அதை ஒட்டியே விலை குறைந்த கடையும் உண்டு. மெட்ரோவில் போய்விடலாம். தைத்த ஆடைகள் பலவும் வேறு நாடுகளில் தைத்து வருபவை என்பதால், மீட்டர் கணக்கில் வெட்டித் தருகிற துணியைத்தான் நான் சிபாரிசு செய்வேன்.

விலையைப் பார்த்து மலைக்க வேண்டாம். பெரும்பாலான பொருள்களின் விலையில் 25.5 சதவீத வரி அடங்கியிருக்கிறது. இந்தியாவில் வசிக்கிற உங்களுக்கு, ஒரே கடையில் 40 யூரோவுக்கு மேல் புதுப் பொருள் வாங்கினால் அந்த வரியில் ஒரு பகுதி திரும்பக் கிடைக்கும். பாஸ்போர்ட்டைக் காட்டிக் கடையிலேயே படிவம் கேளுங்கள். ஊர் திரும்பும்வரை பொருளைப் பிரித்துப் பயன்படுத்தக் கூடாது.

இன்னொன்று. ஜூன் 20-க்கும் 26-க்கும் இடையில் வருகிற சனிக்கிழமை அங்கே நடுக்கோடைத் திருநாள். முந்தைய நாளே கடைகளை மூடிவிட்டு ஊரே ஏரிக்கரை வீடுகளுக்குக் கிளம்பிவிடும். அந்த வாரம் வாங்க வேண்டியதை வியாழக்கிழமைக்குள் முடித்துவிடுங்கள்.