எழுத்தாளர் பெயரில் ஒரு பேனா: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: பெரிய எழுத்தாளர்களின் பெயரில் கொள்ளை விலைக்கு மைப்பேனாக்கள் வருகின்றனவே, அவர்கள் உண்மையிலேயே அப்படிப்பட்ட பேனாவில்தான் எழுதினார்களா?

பதில்: பெரும்பாலும் இல்லை. மோன்ட் பிளாங்க் நிறுவனம் தன் எழுத்தாளர் வரிசையை 1992இல் ஹெமிங்வே பெயரில் தொடங்கியது. அவரோ பென்சிலிலும் தட்டச்சு இயந்திரத்திலும் எழுதிக் குவித்தவர். அப்படியென்றால் பெயருக்கும் பேனாவுக்கும் என்னதான் சம்பந்தம் என்று கேட்டால், வடிவமைத்தவர் அந்த எழுத்தாளரை எப்படி வாசித்திருக்கிறார் என்பதுதான். 1993இல் வந்த அகதா கிறிஸ்டி பேனாவின் கிளிப் ஒரு பாம்பு, கண்ணில் சிவப்புக் கல். அவருடைய கொலைக் கதைகளைப் படித்தவர்களுக்கு வேறு விளக்கம் வேண்டாம். 2004இல் வந்த காஃப்கா பேனா எனக்கு இன்னும் பிடித்தது. உருண்டையாகத் தொடங்கும் உடல் போகப் போகச் சதுரமாகிவிடும், காலையில் கண்விழிக்கும்போது பூச்சியாக மாறியிருக்கும் மனிதனின் கதையை ஒரு படம்கூட வரையாமல் சொல்லிவிட்டார்கள். இப்படி யோசித்துச் செய்த பேனாவைக் கையில் எடுத்தால் அந்தக் கதையை மறுபடி படிக்கத் தோன்றும். வெறும் கையெழுத்தை மூடியில் பொறித்து அழகான பெட்டியில் போட்டுத் தருவதும் உண்டு, அதற்கு அவ்வளவு பணம் கொடுக்காதீர்கள்.

மார்க் ட்வெய்ன் மட்டும் வேறு. காங்க்ளின் என்ற அமெரிக்க நிறுவனத்தின் பேனாவை அவர் நிஜமாகவே பயன்படுத்தினார், தன் பெயரைச் சொல்லி விளம்பரம் செய்யவும் சம்மதித்தார். அந்தப் பேனாவின் உடலில் பிறை போல ஓர் உலோகத் துண்டு துருத்திக்கொண்டிருக்கும். அதை அழுத்தி விட்டால் உள்ளே இருக்கும் ரப்பர் பை மையை உறிஞ்சிக்கொள்ளும். அதே பிறை தடுப்பதால் பேனா மேசையிலிருந்து உருண்டு கீழே விழாது, அதுதான் அவருக்கு ரொம்பப் பிடித்த விஷயம். காங்க்ளின் பெயரில் இப்போதும் மார்க் ட்வெய்ன் பேனா வருகிறது, அந்தப் பிறையோடு.

கேள்வி: டூமா பேனாவில் தவறான கையெழுத்து இருக்கிறது என்கிறார்களே, உண்மையா?

பதில்: உண்மைதான். அப்பா, மகன் இருவருமே அலெக்சாந்தர் டூமா, இருவருமே பிரெஞ்சு எழுத்தாளர்கள். 1996இல் அப்பாவுக்காக வந்த மோன்ட் பிளாங்க் பேனாவில் முதலில் மகனின் கையெழுத்து ஏறிவிட்டது, பிறகு திருத்தினார்கள். சேகரிப்பவர்கள் இரண்டு வகையையும் தேடுகிறார்கள். வாங்குவதற்கு முன் எந்தக் கையெழுத்து என்று படம் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

கேள்வி: வாங்கி வைத்தால் பின்னால் நல்ல விலைக்கு விற்கலாமா?

பதில்: அந்த நம்பிக்கையில் வாங்க வேண்டாம். குறிப்பிட்ட எண்ணிக்கைதான் என்று எழுதியிருப்பதைப் பார்த்து மயங்கிவிடுகிறோம், ஆனால் ஹெமிங்வே மைப்பேனாவே 20,000 செய்தார்கள். அது வரிசையின் முதல் பேனா, அதனால் இன்றும் போட்டி இருக்கிறது. பின்னால் வந்த பலவற்றுக்கு அந்த மவுசு இல்லை, கடை விலைக்குக் கீழேயே கைமாறுகின்றன. அதிக விலை கிடைப்பது மை படாத, பெட்டியும் காகிதங்களும் சேர்ந்த பேனாவுக்கு. அப்படியானால் லாபம் பார்க்க வேண்டுமென்றால் அதில் ஒரு வரிகூட எழுதக் கூடாது, எனக்கு அது மனசுக்கு ஒப்பவில்லை. எழுத்தாளரின் பெயரைத் தாங்கிய பேனா எழுதத்தான் வேண்டும். பிடித்த எழுத்தாளர், பிடித்த வடிவம், கையில் பொருந்துகிற எடை, இந்த மூன்றும் இருந்தால் வாங்கி எழுதுங்கள்.

கேள்வி: பழைய பேனா ஒன்று குறைந்த விலைக்கு வருகிறது. போலி இல்லை என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: நிப்பைப் பாருங்கள். மோன்ட் பிளாங்க் எழுத்தாளர் பேனாக்களின் நிப் 18 காரட் தங்கம், காந்தத்தில் ஒட்டாது. ஒட்டினால் அது முலாம் பூசிய இரும்பு, பேச்சே வேண்டாம். ஒட்டவில்லை என்பதற்காக உடனே நம்பிவிடவும் வேண்டாம், காந்தத்தில் ஒட்டாத எஃகும் உண்டு. நிப்பில் பொறித்த கோடுகள் கூர்மையாக இருக்கின்றனவா, பேனாவில் வரிசை எண் இருந்தால் அதுவும் காகிதத்தில் இருக்கும் எண்ணும் ஒன்றா, மூடி தட்டுத்தடங்கல் இல்லாமல் திருகுகிறதா என்று பார்க்க வேண்டும். விற்பவர் நெருக்கத்தில் எடுத்த படம் தர மறுத்தால், சரி என்று விட்டுவிடுங்கள், அதே பேனா இன்னொரு இடத்தில் கட்டாயம் வரும்.

கேள்வி: பேனாவில் பல வருடமாக மை காய்ந்து கிடக்கிறது. சுத்தம் செய்யலாமா?

பதில்: குளிர்ந்த தண்ணீர் போதும். நிப்பை ஓர் இரவு முழுக்க ஊறவிட்டு, அப்புறம் தண்ணீர் தெளிவாக வரும்வரை இழுத்து இழுத்து வெளியேற்றுங்கள். வெந்நீரும் ஸ்பிரிட்டும் பேனாவின் ரெசின் (ஒருவகை பிளாஸ்டிக்) உடலைக் கெடுத்துவிடும். பின்பக்கத் திருகு இறுகியிருந்தால் வம்படியாகத் திருகாதீர்கள், உள்ளே மையை உறிஞ்சும் பிஸ்டன் உடைந்துவிடும். பேனா பழுதுபார்ப்பவரிடம் கொடுத்துவிடுங்கள். திரும்ப நிரப்பும்போது மைப்பேனாவுக்கென்று விற்கும் மையை மட்டும் ஊற்றுங்கள். ஓவியர்கள் பயன்படுத்தும் இந்தியன் இங்க் உள்ளே போய்க் காய்ந்தால் எடுப்பது பெரும்பாடு.