சூப்பர்வைசரில் ஸ்டேட்டஸ் கேட்டால் 'நோ சச் ஃபைல்' என்கிறது, ஆனால் சைட் ஓடுகிறது. என்ன செய்வது?

சைட் ஓடுகிறது என்றால் பதற வேண்டாம், அவசரப்பட்டு ரீஸ்டார்ட்டும் போட வேண்டாம். சூப்பர்வைசர் என்பது சர்வரில் புரோகிராம்கள் நிற்காமல் ஓட வைக்கும் கருவி. அது உண்மையில் இரண்டு புரோகிராம்கள். பின்னால் இருந்து புரோசஸ்களைக் கிளப்புவதும், விழுந்தால் தூக்கி நிறுத்துவதும் சூப்பர்வைசர்டி. நாம் டைப் செய்வது சூப்பர்வைசர்சிடிஎல். அது வெறும் தூதுவன். இரண்டும் பேசிக்கொள்வது ஒரு சாக்கெட் ஃபைல் வழியாக. உங்களுக்கு அறுந்திருப்பது அந்தப் பேச்சுதான், வேலை அல்ல.

இதே எரரில் நானும் மாட்டியிருக்கிறேன். கம்பம் ஊரில் உட்கார்ந்துகொண்டு, மலைக்கு மேலே கேரளப் பக்கம் வண்டன்மேட்டில் உள்ள ஓர் ஏலக்காய் வியாபாரியின் சர்வரைப் பார்த்துக்கொள்கிறேன். எடைச் சீட்டு அடிக்கும் புரோகிராம் ஒன்றைப் புதிதாகச் சேர்த்து, அப்டேட் கொடுத்தால் 'நோ சச் ஃபைல்'. "தம்பி, சர்வர் போச்சா?" என்று முதலாளி போனில். பில் எல்லாம் ஒழுங்காகத்தான் விழுந்துகொண்டிருந்தது.

திருடன் நான்தான். அதற்குக் கொஞ்ச நாள் முன்பு டிஸ்க் நிறைந்துபோனதால், டெம்ப் ஃபோல்டரில் ஏழு நாளைத் தாண்டியதை எல்லாம் அழி என்று கிரானில் (குறித்த நேரத்தில் தானாக ஓடும் வேலைப் பட்டியல்) ஒரு வரி போட்டிருந்தேன். சூப்பர்வைசரின் மாதிரி கான்ஃபிக்கில், அதாவது அமைப்பு ஃபைலில், சாக்கெட் ஃபைல் இருப்பது அதே டெம்ப்பில்தான். அதை மாற்றாமல் அப்படியே விட்டிருந்தேன். ஃபைல் போய்விட்டது, சூப்பர்வைசர்டி மட்டும் ஒன்றும் தெரியாமல் ஓடிக்கொண்டிருந்தது.

இதற்கு வழி சூப்பர்வைசர்டியையே ரீஸ்டார்ட் செய்வதுதான். ஆனால் அப்படிச் செய்தால் அதன் கீழே உள்ள எல்லா புரோசஸும் ஒருமுறை நின்று கிளம்பும். கான்ஃபிக்கை மறுபடி படிக்கச் சொல்லும் ஹெச்யுபி சிக்னல் அனுப்பினால் தப்பிக்கலாம் என்று நினைக்காதீர்கள், அதுவும் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுத்தான் கிளப்பும். போடியிலும் புற்றடியிலும் ஏலக்காய் ஏலம் நடக்கிற நேரத்தில் இதைச் செய்ய முடியுமா? ராத்திரி வரை காத்திருந்தேன். சாக்கெட்டை டெம்ப்பிலிருந்து ரன் ஃபோல்டருக்கு மாற்றினேன். கான்ஃபிக்கில் இந்தப் பாதை இரண்டு இடத்தில் வரும்: யுனிக்ஸ் ஹெச்டிடிபி சர்வர் பகுதியில் ஒன்று, சூப்பர்வைசர்சிடிஎல் பகுதியில் ஒன்று. நான் முதலாவதை மட்டும் மாற்றிவிட்டு, அதே எரரை இன்னும் அரைமணி நேரம் வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உங்களுடையது வேறு காரணமாகவும் இருக்கலாம். பைத்தானின் பிப் மூலம் ஒன்று, லினக்ஸின் ஆப்ட் மூலம் ஒன்று என இரண்டு முறை இன்ஸ்டால் செய்திருந்தால், சூப்பர்வைசர்சிடிஎல் வேறொரு கான்ஃபிக்கைப் படித்துக்கொண்டிருக்கும். கமாண்டில் மைனஸ் சி (-c) போட்டு, சூப்பர்வைசர்டி படிக்கும் அதே ஃபைலைக் காட்டிப் பாருங்கள். சரியாக வந்தால் ரீஸ்டார்ட்டே தேவையில்லை.

எரரின் வார்த்தையையும் கவனியுங்கள். 'பெர்மிஷன் டினைடு' என்றால் அட்மின் உரிமை தரும் சூடோ போட மறந்திருப்பீர்கள். சாக்கெட்டின் இயல்பான அனுமதி 0700, அதாவது உரிமையாளருக்கு மட்டும். 'ரெஃப்யூஸ்டு கனெக்‌ஷன்' என்றால் ஃபைல் இருக்கிறது, கேட்க ஆளில்லை. பெரும்பாலும் சூப்பர்வைசர்டி செத்துப்போய் சாக்கெட் மட்டும் மிஞ்சியிருக்கும். மெமரி தீர்ந்து கெர்னல் கொன்றதா என்று, கெர்னலின் குறிப்புகளைக் காட்டும் டிமெசேஜில் தேடுங்கள். கரண்ட் போய் வந்த பிறகு எதுவுமே ஓடவில்லை என்றால், மெஷின் கிளம்பும்போது சர்வீஸ்களைக் கிளப்பும் சிஸ்டம்டியில் எனேபிள் செய்யாமல் விட்டிருப்பீர்கள். மழைக்காலத்தில் மலைமேல் இது வாடிக்கை.

சாக்கெட் ஃபைலுக்குப் பதில் நெட்வொர்க்கில் 9001 போர்ட் வழியாக வேறு மெஷினிலிருந்து சூப்பர்வைசரைப் பார்ப்பவர்களுக்கு 'ரெஃப்யூஸ்டு', 'டைம்அவுட்' இரண்டும் ஒன்றல்ல. கேரள எல்லையில் கம்பம்மெட்டு செக்போஸ்ட்டில் வண்டியைத் திருப்பி அனுப்பினால் உடனே தெரிந்துவிடும். அது ரெஃப்யூஸ்டு, பெரும்பாலும் அங்கே யாரும் போர்ட்டைத் திறந்து வைக்கவில்லை. கொண்டை ஊசி வளைவில் ஏறிய வண்டியிடமிருந்து தகவலே இல்லை என்றால் டைம்அவுட். முதலில் ஃபயர்வாலைப் பாருங்கள். அதற்காக 9001ஐ ஊருக்கெல்லாம் திறந்துவிடாதீர்கள், பாதுகாப்பான தனி வழியான எஸ்எஸ்ஹெச் டனல் போதும்.

அந்த கிரான் வரி இன்னும் இருக்கிறது. சாதாரண ஃபைல்களை மட்டும் அழிக்கும்படி, ஃபைண்ட் கமாண்டில் டைப் எஃப் (-type f) சேர்த்திருக்கிறேன்.