காய்ச்சல் வந்ததும் சிரப் கொடுக்கலாமா?

கேள்வி: என் மகளுக்கு நான்கு வயது. தெர்மாமீட்டர் 100 காட்டினாலே பாராசிட்டமால் சிரப் கொடுத்துவிடுகிறேன். 'காய்ச்சல் உடம்புக்கு நல்லது, விடு' என்கிறார் மாமியார். விட்டால் ஃபிட்ஸ் வந்துவிடுமோ என்று பயம். என்ன செய்வது?

பதில்: உங்கள் மாமியார் சொல்வதில் நிறையவே உண்மை இருக்கிறது. காய்ச்சல் என்பது கிருமியை எதிர்க்க உடம்பு தானே ஏற்றிக்கொள்ளும் சூடு. கிருமி நுழைந்ததும் வெள்ளை அணுக்கள் சில ரசாயனங்களை ரத்தத்தில் விடும். அதனால் மூளையில் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் உண்டாகி, உடம்புச் சூடு எவ்வளவு இருக்கவேண்டும் என்ற கணக்கையே உயர்த்திவிடும். உடம்பு கொதிக்கும்போதே குளிரில் நடுங்குவது இதனால்தான். பாராசிட்டமால் அந்தப் புரோஸ்டாகிளாண்டினைக் குறைக்கும், அவ்வளவுதான். கிருமியை ஒன்றும் செய்யாது.

காய்ச்சல் உதவுகிறது என்பதற்கு விலங்குகளே சாட்சி. பல்லி இனங்களால் நம்மைப்போல் உள்ளிருந்து சூடேற்றிக்கொள்ள முடியாது. ஆனாலும் அமெரிக்கப் பாலைவன இக்வானா என்ற பல்லி, தொற்று வந்தால் சூடான இடமாகத் தேடிப்போய்ப் படுத்துக்கொள்ளும். 1975-ல் விஞ்ஞானி மாத்யூ க்ளூகர் குழுவினர், கிருமி ஏற்றிய இக்வானாக்களை 34 முதல் 42 டிகிரி செல்சியஸ் வரை வெவ்வேறு சூட்டில் வைத்துப் பார்த்தார்கள். அதிகச் சூட்டில் இருந்தவைதான் அதிகம் பிழைத்தன. தேனீக்களும் லேசுப்பட்டவை அல்ல. தங்கள் குஞ்சுப் புழுக்களைத் தாக்கும் பூஞ்சை கூட்டுக்குள் வந்தால், எல்லாம் சேர்ந்து கூட்டையே சூடாக்கிவிடும்.

சரி, அதற்காகச் சிரப்பைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். உங்கள் மகள் இக்வானா இல்லை. 100 காட்டினாலும் விளையாடுகிறாள், தண்ணீர் குடிக்கிறாள் என்றால் மருந்து வேண்டாம். துவண்டு கிடக்கிறாள், வலியில் அழுகிறாள், எதையும் குடிக்க மறுக்கிறாள் என்றால் தாராளமாகக் கொடுங்கள். ஒரு வேளைக்கு எடையில் கிலோவுக்கு 15 மில்லிகிராம். ஆறு மணி நேர இடைவெளி, நாளுக்கு நான்கு வேளைக்கு மேல் கூடாது. 5 மில்லிலிட்டரில் 125 மில்லிகிராம் மருந்து இருக்கும் பாட்டிலும் உண்டு, 250 மில்லிகிராம் இருப்பதும் உண்டு. லேபிளைப் பார்த்துவிட்டு ஊற்றுங்கள்.

ஃபிட்ஸ் விஷயத்தில் உங்கள் பயம் புரிகிறது. ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை சில குழந்தைகளுக்குக் காய்ச்சலோடு வலிப்பு வரும். சிரப் கொடுத்தும் அதைத் தடுக்க முடிவதில்லை. பெரும்பாலும் சில நிமிடங்களில் தானே நிற்கும், மூளைக்குக் கெடுதல் செய்யாது. வந்தால் ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். வாயில் எதையும் திணிக்க வேண்டாம், கையில் இரும்புச் சாவியும் வேண்டாம். ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் உடனே ஆஸ்பத்திரி. நின்றுவிட்டாலும் அன்றே டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

ஆஸ்பிரின் குழந்தைகளுக்குக் கூடவே கூடாது. டெங்கு சந்தேகம் இருந்தால் இபுப்ரோஃபெனும் வேண்டாம், ரத்தக்கசிவு கூடும். டெங்குவில் இன்னொன்று: காய்ச்சல் இறங்கும் நேரம்தான் ஆபத்தான நேரம். மூன்றாம் நாளுக்குப் பிறகு சூடு தணிந்தும் குழந்தை சோர்ந்தே கிடந்தால், வயிறு வலித்தால், வாந்தி நிற்காவிட்டால், சிறுநீர் குறைந்தால் விடியும்வரை காத்திருக்காமல் கிளம்புங்கள்.