பைபாஸ் முடிந்து மூன்று வாரம்: அப்பாவைக் கட்டிலிலிருந்து எழுப்புங்கள்

கேள்வி: தக்கலை பக்கம் இருக்கிறோம். அப்பாவுக்கு 74 வயது, சர்க்கரை உண்டு. திருவனந்தபுரத்தில் பைபாஸ் ஆபரேஷன் முடிந்து மூன்று வாரம் ஆகிறது. பார்க்க வருகிறவர்கள் எல்லாம் ‘அசையவே விடாதீங்க’ என்கிறார்கள். அவரும் கஞ்சி மட்டும் குடித்துவிட்டுப் படுத்தே கிடக்கிறார். சீக்கிரம் தேற என்ன செய்யலாம்?

பதில்: பார்க்க வருகிறவர்கள் பாசத்தில்தான் சொல்கிறார்கள், ஆனால் அது தவறு. டிஸ்சார்ஜ் பேப்பரில் நடக்கக் கூடாது என்று எழுதியிருந்தாலொழிய அவரை இன்றே எழுப்பி நடக்க வையுங்கள். எழுபதைத் தாண்டிய உடம்பு பத்து நாள் படுத்தாலே தொடைச் சதை வற்றிவிடும், நுரையீரலின் அடியில் சளி தங்கிவிடும், பிறகு கக்கூசுக்குப் போகவே ஆள் பிடிக்க வேண்டியிருக்கும். காலையும் மாலையும் ஐந்து நிமிடம், நீங்கள் பக்கத்தில் இருந்தபடி, வராந்தாவிலேயே நடக்கட்டும். நம்ம ஊர் மழைக்கு அதுதான் வசதி. மூச்சு வாங்காமல் பேசிக்கொண்டே நடக்க முடிகிறதா என்று பாருங்கள், முடிந்தால் ஒன்றிரண்டு நாளுக்கு ஒருமுறை இரண்டு நிமிடம் கூட்டுங்கள்.

கவனம் வேண்டியது நெஞ்செலும்புக்கு. அதை அறுத்துக் கம்பியால் கட்டியிருக்கிறார்கள், ஓரளவு கூடவே 6 முதல் 8 வாரம் ஆகும், நன்றாக இறுக மூன்று மாதம். அதுவரை கிணற்றில் தண்ணீர் இறைப்பது, குடம் தூக்குவது, பைக் ஓட்டுவது எதுவும் வேண்டாம். எழும்போது கையை ஊன்றாமல் எழ வேண்டும், இருமல் வந்தால் தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இருமட்டும். ஆஸ்பத்திரியில் கொடுத்த மூன்று பந்து ஊதும் கருவி மூலையில் கிடக்கிறதா? எடுத்துக் கொடுங்கள். பெயர்தான் ஊதுவது, மூச்சை மெதுவாக உள்ளே இழுப்பதுதான் அதில் பயிற்சி.

அப்புறம் சாப்பாடு. வெறும் கஞ்சி சர்க்கரையை ஏற்றும், புண் ஆறத் தேவையான புரதத்தைத் தராது. கஞ்சியைக் குறைத்து சிறுபயறைக் கூட்டுங்கள், முட்டை, சாளை, நெத்திலி எல்லாம் கொடுக்கலாம், தேங்காயை மட்டும் குறைத்து அரையுங்கள். சிறுநீரகக் கோளாறு இருந்தால் புரதத்தின் அளவை டாக்டரிடம் கேட்டுவிட்டுக் கூட்டுங்கள். கஞ்சிக்குத் தொட்டுக்கொள்ளும் கருவாடும் பப்படமும் ஊறுகாயும்தான் எனக்குக் கவலை, அந்த உப்பு உடம்பில் நீரைத் தேக்கும். தினமும் காலையில் எடை பாருங்கள். ஒரே நாளில் ஒரு கிலோவுக்கு மேலோ, வாரத்தில் இரண்டு கிலோவோ கூடினால் டாக்டரைக் கூப்பிடுங்கள்.

பைபாஸுக்காக ரத்தக்குழாய் எடுத்த கால் கொஞ்சம் வீங்குவது சகஜம், உட்காரும்போது உயர்த்தி வைத்தால் போதும். இந்த வயதில் ஆபரேஷனுக்குப் பிறகு சிலர் சும்மாவே அழுவார்கள், ராத்திரி தூங்காமல் புலம்புவார்கள், அதட்டாதீர்கள், பகலில் வெளிச்சத்தில் உட்கார வையுங்கள். மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்தவே கூடாது.

காய்ச்சல், தையலில் சீழ், நெஞ்செலும்பில் ‘டக்’ என்ற சத்தம், படபடப்பு இருந்தால் அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள். நெஞ்சுவலி, படுத்தால் மூச்சு முட்டுவது, வாய் கோணுவது, திடீரெனப் பேச்சு குழறுவது என்றால் யோசிக்காமல் 108. அடுத்த செக்கப்புக்குப் போகும்போது, இதய நோயாளிகளுக்குப் பயிற்சி தரும் பிசியோதெரபிஸ்ட் நாகர்கோவில் பக்கத்தில் உண்டா என்று அங்கேயே கேட்டு விவரம் வாங்கி வாருங்கள்.