குடிலுக்குள் முறுக்குப் பொட்டலம் வேண்டாம்

கேள்வி: பள்ளி விடுமுறையில் 9 வயது மகனோடு சபாவின் கினபாத்தாங்கான் ஆற்றோரக் காட்டு முகாமில் மூன்று இரவு தங்கப் போகிறோம். சுவரில்லாத குடில், தரையில் மெத்தை, மேலே கொசுவலை. குரங்கு, அட்டை, பாம்பு என்று கேள்விப்பட்டதிலிருந்து எனக்குத் தூக்கமே இல்லை. எதற்கெல்லாம் தயாராக வேண்டும்?
– ஒரு வாசகி, ஈப்போ

பதில்: பாம்பை நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் பையில் இருக்கும் தீனிதான் பெரிய தொல்லை. பகலில் நீண்டவால் குரங்குகளும், இரவில் எலி, புனுகுப் பூனை, தாடிப் பன்றியும் வாசனை பிடித்து வந்துவிடும். எலி நடமாடும் இடத்துக்குப் பாம்பும் வரும்.

அதனால் தின்பண்டம் எதுவும் குடிலுக்குள் போகக் கூடாது. பற்பசை, வாசனை சோப்பு, இருமல் மிட்டாய், காலி பால் பாக்கெட் எல்லாமே இதில் அடக்கம். நெகிழிப் பையை எலி கடித்துவிடும். முதுகுப்பை ஜிப்பைக் குரங்கு திறந்துவிடும். ஓரத்தில் கொக்கி வைத்த கெட்டியான டப்பாவில் போட்டு, முகாமின் சமையற்கட்டில் கொடுத்துவிடுங்கள். பையின் ஜிப் இழுப்பான்கள் இரண்டையும் சேர்த்துச் சின்னப் பூட்டு போடுங்கள்.

மகனுக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள்: குரங்கைப் பார்த்துப் பல் தெரியச் சிரிக்கக் கூடாது, கண்ணோடு கண் பார்க்கக் கூடாது. இரண்டையும் அது சண்டைக்கு அழைப்பாக எடுத்துக்கொள்ளக்கூடும். பையைப் பிடித்தால் விட்டுவிட வேண்டும், இழுத்தால் கடிக்கக்கூடும். ஓடாமல் மெல்லப் பின்வாங்கட்டும். கடித்தாலோ கீறினாலோ சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

அடுத்தது அட்டை. அங்கே இரண்டு வகை உண்டு. பழுப்பு அட்டை தரையிலிருந்து காலில் ஏறும், கடிப்பதே தெரியாது. வரி போட்ட புலி அட்டை இடுப்புயர இலையில் காத்திருக்கும். கடித்தால் சுருக்கென்று குத்தும். கால் மட்டும் பத்திரமாக இருந்தால் போதாது, சட்டையையும் கால்சட்டைக்குள் செருக வேண்டும். பள்ளிக்கூடக் காலுறையின் பின்னலுக்குள் அட்டை வாயை நுழைத்துவிடும். நெருக்கமாக நெய்த துணியில் தைத்த அட்டைக் காலுறையைக் கால்சட்டைக்கு மேலே போட்டு, முழங்காலுக்குக் கீழே கட்டுங்கள்.

ஒட்டிய அட்டையின் மெலிந்த முனைதான் வாய்ப்பக்கம். தோலோடு நகத்தை வைத்து அந்த முனையைப் பக்கவாட்டில் தள்ளுங்கள், பிறகு பருத்த முனையை விடுவித்துச் சுண்டிவிடுங்கள். உப்பும் நெருப்பும் வேண்டாம். வேதனையில் அது வயிற்றில் இருப்பதைக் காயத்துக்குள்ளேயே கக்கக்கூடும். அட்டையின் எச்சில் இரத்தத்தை உறையவிடாது. சுத்தத் துணியால் 10 நிமிடம் அழுத்திப் பிடித்த பிறகும் மணிக்கணக்கில் கசியலாம். பையன் பயந்துபோவான், முதலிலேயே சொல்லிவிடுங்கள். வீட்டில் யாராவது இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிட்டால், கிளம்பும் முன் மருத்துவரிடம் கேளுங்கள்.

கொசுவலையில் ஓட்டை இருக்கிறதா என்று வெளிச்சம் இருக்கும்போதே பார்த்து டேப் ஒட்டி, ஓரங்களை மெத்தைக்கு அடியில் செருகுங்கள். வலையோடு ஒட்டிப் படுத்தால் கொசு வெளியிலிருந்தே கடித்துவிடும். 20 முதல் 30 சதவீதம் டீட் (DEET) என்ற கொசுவிரட்டி மருந்து உள்ள பூச்சை மகனுக்கு நீங்களே தடவுங்கள், அவன் உள்ளங்கையில் மட்டும் வேண்டாம். டீட் நெகிழியைக் கரைக்கும். கையைக் கழுவாமல் பைனாகுலரைத் தொட்டால் பிடி பிசுபிசுவென்று ஆகிவிடும்.

இரவில் கழிப்பறைக்கு மகனைத் தனியே அனுப்பாதீர்கள். டார்ச்சைத் தலையில் மாட்டுங்கள், பூட்ஸைத் தட்டி உதறிப் போடுங்கள். பூரானோ தேளோ உள்ளே இருக்கலாம். ரப்பர் பூட்ஸைக் குச்சியில் தலைகீழாக மாட்டிவைத்தால் மழையும் உள்ளே போகாது. ஆற்றில் உப்புநீர் முதலைகள் உண்டு. கரையில் கைகால் கழுவுவதும், படகிலிருந்து தண்ணீரில் கைவிடுவதும் கூடவே கூடாது.

உராங் ஊத்தான் கண்ணில் பட்டால் குறைந்தது 10 மீட்டர் தள்ளி நில்லுங்கள். நம் சளிக்காய்ச்சல் அதற்கும் தொற்றும். மகனுக்கு மூக்கு ஒழுகினால் அன்றைய நடையை விட்டுவிடுவதுதான் நியாயம்.

துணி அங்கே காயவே காயாது. ஜீன்ஸை வீட்டிலேயே விடுங்கள், படுப்பதற்கென்று ஓர் உடுப்பை நீர்புகாப் பையில் தனியாக வையுங்கள். ஆண்டு இறுதி விடுமுறை என்றால் ஆறு பெருகும் காலம் அது. முகாம் திறந்திருக்குமா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

திரும்பிய பிறகும் ஒரு மாதம் கவனம் தேவை. மலேசியாவில் 2018 முதல் உள்நாட்டில் தொற்றும் மலேரியா, ஏறக்குறைய எல்லாமே குரங்கிலிருந்து கொசு வழியாக வரும் நோலெசி வகைதான். அந்தக் கிருமி 24 மணி நேரத்துக்கு ஒருமுறை பெருகுவதால் உடல்நிலை வேகமாக மோசமாகும். தடுப்பு மாத்திரை தேவையா என்று போகும் முன்பே கேளுங்கள். வந்த பிறகு யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் பனடோல் கொடுத்துக் காத்திருக்காமல் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய், "சபா காட்டில் தங்கினோம், மலேரியா இரத்தப் பரிசோதனை செய்யுங்கள்" என்று நீங்களே கேளுங்கள்.