முழங்காலை இறுக்காதீர்கள்: குதிரையேற்றம், வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை சுற்றிச் சுற்றி ஒரே விஷயத்தைத்தான் கேட்கின்றன, சேணத்தில் எப்படி உட்காருவது என்று. அதனால் குதிரைக்குத் தீனி, பூட்ஸ் வாங்குவது பற்றிய கேள்விகளை அடுத்த இதழுக்கு வைத்துவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: அக்கா, இரண்டு வருஷமாக வார இறுதியில் குதிரையேற்றம் கற்றுக்கொள்கிறேன். ட்ராட் (நடைக்கு அடுத்த வேகமான துள்ளு நடை) ஆரம்பித்தாலே கோச் "குதிகாலைக் கீழே இறக்கு, இறக்கு" என்று ஒவ்வொரு சுற்றிலும் சொல்கிறார். அழுத்தி அழுத்திப் பார்க்கிறேன், கால் முன்னால் போய்விடுகிறது. இல்லையென்றால் கால் வைக்கும் வளையமான அங்கவடி நழுவிவிடுகிறது. என்னதான் செய்வது?
– வாசகி, அங் மோ கியோ

பதில்: முதலில் அழுத்துவதை நிறுத்துங்கள். குதிகாலை வலுக்கட்டாயமாகக் கீழே தள்ளினால் கணுக்கால் விறைத்துக்கொள்ளும், பாதம் அங்கவடியை முன்னால் உதைக்கும், நீங்கள் நாற்காலியில் உட்கார்ந்த மாதிரி பின்னால் போய்விடுவீர்கள். அங்கிருந்து ட்ராட்டில் எழ வேண்டுமென்றால் கடிவாள வாரைப் பிடித்துத் தொங்கித்தான் எழ முடியும். பாவம், அந்த இழுப்பு முழுவதும் குதிரையின் வாய்க்குத்தான் போகிறது. 2,300 ஆண்டுகளுக்கும் முன்பே கிரேக்கப் படைவீரர் செனபோன் இதை எழுதி வைத்திருக்கிறார்: குதிரைமேல் நாற்காலியில் இருப்பதுபோல் உட்காராதே, காலை அகட்டி நிமிர்ந்து நிற்பவனைப்போல் இரு என்று. அவர் காலத்தில் அங்கவடியே கிடையாது!

பக்கவாட்டில் பார்த்தால் காது, தோள், இடுப்பு, குதிகால் நான்கும் ஒரே செங்குத்துக் கோட்டில் வர வேண்டும் என்பது எல்லாருக்கும் சொல்லிக்கொடுக்கப்படும் பாடம். அதைச் சோதிக்க நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான். மந்திரம் போட்டதுபோல் குதிரை திடீரென்று மறைந்துவிட்டால் நீங்கள் மணலில் இரண்டு காலில் நிற்பீர்களா, பின்பக்கமாக விழுவீர்களா?

குதிகால் மேலே ஏறுவதற்குக் காரணம் பெரும்பாலும் குதிகாலில் இல்லை, முழங்காலில் இருக்கிறது. பயத்தில் முழங்காலால் சேணத்தை இடுக்கிக்கொள்கிறோம். அங்கே இடுக்கினால் உடல் எடை அதற்குக் கீழே இறங்காது, கெண்டைக்கால் குதிரையின் வயிற்றை விட்டு விலகி ஆடும், பாதத்துக்கு எடை வராததால் அங்கவடி கழன்றுவிடும். ஆகவே முழங்காலைத் தளர்த்துங்கள். தொடையின் உட்பக்கம் சேணத்தில் தட்டையாகப் படட்டும், கெண்டைக்காலின் உட்பக்கம் வயிற்றை லேசாகத் தொட்டபடி இருக்கட்டும், பாதத்தின் அகன்ற முன்பகுதி அங்கவடியில் இருக்கட்டும். இவ்வளவும் சரியாக இருந்தால் எடை தானாகவே இறங்கிக் குதிகாலில் போய்ச் சேரும். எம்ஆர்டி ரயிலில் கம்பியைப் பிடிக்காமல் நிற்கும்போது முழங்காலை விறைத்தால் முதல் வளைவிலேயே தள்ளாடுகிறோம், தளர்த்தி நின்றால் ஆட்டம் காலோடு போய்விடுகிறது இல்லையா, அதேதான்.

பயிற்சி என்று கேட்டால், ட்ராட்டில் எழுந்து உட்காரும் தாளத்தை மாற்றிப் பாருங்கள். ஒரு தாளம் எழுந்து ஒரு தாளம் உட்காருவது வழக்கம். அதற்குப் பதில் இரண்டு தாளம் எழுந்தபடியே நின்று, ஒரு தாளம் மட்டும் உட்காருங்கள். கால் உங்களுக்கு நேர்கீழே இல்லாவிட்டால் அந்த இரண்டாவது தாளத்தில் நிற்கவே முடியாது, பின்னால் சாய்ந்துவிடுவீர்கள். யாரும் கத்தித் திருத்த வேண்டியதில்லை, உடலே இடத்தைக் கண்டுபிடித்துக்கொள்ளும். தொடக்கத்தில் பிடரிமயிரையோ கழுத்துப் பட்டையையோ பிடித்துக்கொள்ளலாம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இன்னொன்று, பயிற்சிப் பள்ளிக் குதிரையின் சேணம் எல்லாருக்கும் பொருந்திவிடாது. உட்காரும் பள்ளம் மிகவும் பின்னால் இருக்கும் சேணத்தில் எவ்வளவு திறமையானவர் ஏறினாலும் கால் முன்னால்தான் போகும். வேறு சேணத்தில் ஒருமுறை ஏறிப் பார்க்கலாமா என்று கோச்சிடம் கேளுங்கள்.

கேள்வி: வணக்கம். என் மகளுக்கு 11 வயது. குட்டித் தடைகளைத் தாண்ட ஆரம்பித்திருக்கிறாள். தாண்டி இறங்கும்போது ஒவ்வொரு முறையும் குதிரையின் கழுத்தில் போய் விழுகிறாள். "முன்கூட்டியே பாய்கிறாய்" என்று பயிற்சியாளர் சொல்கிறார். அவளோ "குனியச் சொன்னார்கள், குனிகிறேன்" என்கிறாள். எனக்குக் குதிரை பற்றி ஒன்றும் தெரியாது, வேலிக்கு வெளியே நின்று பார்க்க மட்டும்தான் முடிகிறது. பயமாக இருக்கிறது.
– செங்காங்கிலிருந்து ஒரு தந்தை

பதில்: அண்ணே, உங்கள் மகள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. "குனி" என்ற சொல்தான் இங்கே குழப்பம் செய்கிறது. தாண்டும்போது குனிய வேண்டிய வேலை பிள்ளைக்குக் கிடையாது. குதிரை முன்கால்களைத் தூக்கி எழும்பும்போது அதன் முதுகு மேலே வருகிறது, அதனால் பிள்ளையின் இடுப்பு மூட்டின் கோணம் தானாகவே மடங்குகிறது. பிள்ளை செய்ய வேண்டியது காத்திருப்பதுதான். அவள் முந்திக்கொண்டு மார்பை முன்னால் எறிந்தால், குதிரை எழும்ப வேண்டிய அந்த நொடியில் அதன் தோளின்மேல் கூடுதல் எடை ஏறுகிறது. நல்ல குதிரை சமாளித்துத் தாண்டிவிடும், இன்னொன்று சட்டென்று நின்றுவிடும். நின்றால் பிள்ளை மட்டும் தடைக்கு அந்தப் பக்கம் போவாள். பயிற்சியாளர் கண்டிப்பது அதனால்தான்.

கொஞ்சம் பழைய கதையும் சொல்கிறேன், உங்களுக்குப் பிடிக்கும். சுமார் 120 ஆண்டுகளுக்கு முன்புவரை ஐரோப்பாவில் தடை தாண்டும்போது பின்னால் சாய்ந்து, காலை முன்னால் நீட்டி, வாரை இழுத்துப் பிடிப்பதுதான் முறை என்று நினைத்தார்கள். ஃபெடெரிகோ கப்ரில்லி (1868–1907) என்ற இத்தாலியக் குதிரைப்படை அதிகாரி, சவாரிக்காரர் இல்லாத குதிரை எப்படித் தாண்டுகிறது என்று கவனித்தார். அது கழுத்தை நீட்டி, முதுகை வளைத்துத் தாண்டுகிறது. சரி, அப்படியானால் மனிதன் அதற்கு இடைஞ்சல் செய்யாமல் இருந்தால் போதுமே என்று அங்கவடியைக் குட்டையாக்கி, இருக்கையை விட்டு லேசாக எழுந்து, கையை விட்டுக்கொடுக்கச் சொன்னார். இன்று உலகம் முழுக்கத் தடை தாண்டுபவர்கள் உட்காரும் முறைக்கு அடித்தளம் அவர் போட்டது.

இனி கழுத்தில் விழுவதற்கு வருகிறேன். அடுத்த முறை வேலிக்கு வெளியே நிற்கும்போது மகளின் தலையைப் பார்க்காதீர்கள், முழங்காலுக்குக் கீழே இருக்கும் காலை மட்டும் பாருங்கள். தடைக்கு மேலே அது பின்னோக்கி வாலை நோக்கி ஆடுகிறதா? ஆடினால் விடை கிடைத்துவிட்டது. இறங்கும்போது உடம்பைத் தாங்கக் கால் கீழே இல்லை, ஆகவே கழுத்துதான் தாங்குகிறது. காரணம் மேலே அங் மோ கியோ வாசகிக்குச் சொன்னதேதான், இடுக்கிய முழங்கால். தரையில் இருக்கும் பிழையைத் தடை பெரிதாக்கிக் காட்டுகிறது, அவ்வளவுதான். தடையின் உயரத்தைக் கூட்டி இதைத் திருத்தியவர் யாரையும் நான் பார்த்ததில்லை.

பயிற்சியாளரிடம் பணிவாகக் கேட்டுப் பாருங்கள், சில வாரங்கள் உயரத்தை மறந்துவிட்டுத் தரைக் கட்டைகளில் வேலை செய்யலாமா என்று. ட்ராட்டுக்குக் கட்டைகளைச் சுமார் 1.3 மீட்டர் இடைவெளியில் வைத்து, இருக்கையை விட்டு எழுந்த நிலையிலேயே அவள் கடக்க வேண்டும். போனி என்றால் இடைவெளி குறையும். அது பழகியதும் வரிசையாகச் சின்னச் சின்னத் தடைகள். கேன்டரில் (ட்ராட்டைவிட வேகமான ஓட்டம்) ஒரு குதிரையின் ஒரு பாய்ச்சல் நீளம் சுமார் 3.6 மீட்டர், அதைக் கணக்கிட்டுப் பயிற்சியாளர் வைப்பார். நீங்களாக வைத்துவிட வேண்டாம், தப்பான இடைவெளி ஆபத்து. வரிசையில் தடைகள் அடுத்தடுத்து வருவதால் பாய நேரமிருக்காது, காத்திருக்கக் கற்றுக்கொள்வாள். கைகள் இரண்டையும் கழுத்தின் மேல்விளிம்பில், பிடரிமயிரில் ஊன்றி வைக்கட்டும். குதிரைக்குக் கழுத்தை நீட்ட இடம் கிடைக்கும், தவறிப் பின்தங்கினாலும் வாயில் இழுப்பு விழாது. கண் தடையைப் பார்க்கக் கூடாது, அதைத் தாண்டித் தூரத்தில் இருக்கும் மரத்தைப் பார்க்க வேண்டும். கீழே பார்த்தால் தோளும் கூடவே போகும்.

நீங்கள் வேலியருகே நிற்பது அவளுக்குப் பெரிய பலம், அதை விடாதீர்கள்.

கேள்வி: தாண்டுவதற்கு அங்கவடியை எவ்வளவு குட்டையாக்குவது?
– வாசகர், தெம்பனிஸ்

பதில்: தரைப்பயிற்சிக்கு (தடை தாண்டாத சாதாரண சவாரிக்கு) வைத்திருப்பதிலிருந்து இரண்டு முதல் நான்கு துளைகள் மேலே. ஏறுவதற்கு முன் தோராயமாக அளக்க, அங்கவடி வார் சேணத்தில் மாட்டியிருக்கும் இடத்தில் விரல் நுனியை வைத்து, அங்கவடியைக் கைக்குக் கீழே நீட்டினால் அக்குளுக்கு எட்ட வேண்டும். அது தரைப்பயிற்சிக்கான தொடக்க அளவு. நீளமாக வைத்துக்கொண்டு தாண்டாதீர்கள். எழ இடமில்லாமல் பின்தங்கிவிடுவீர்கள்.

கேள்வி: அக்கா, தேசிய சேவை முடித்ததும் குதிரையேற்றத்தில் சேர்ந்தேன். எனக்குத் தருவது முன்பு பந்தயத்தில் ஓடிய குதிரை. கேன்டரில் வேகம் பிடித்துவிடுகிறது. வாரை இழுத்தால் இன்னும் வேகமாக ஓடுகிறது! காலை அதன் மேல் படாமல் தூக்கிக்கொள்கிறேன். என் உட்காரும் முறையால்தான் இப்படியா?
– வாசகர், உட்லண்ட்ஸ்

பதில்: தம்பி, பாதி அதன் பழைய பழக்கம், பாதி உங்கள் உட்காரும் முறை. கிராஞ்சிக் குதிரைப் பந்தயத் திடலில் 2024 அக்டோபர் 5-ஆம் தேதி கடைசிப் பந்தயம் ஓடி முடிந்தது, ஆனால் பந்தயத்தில் வளர்ந்த குதிரைகளை வேறு வேலைக்குப் பழக்குவது அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே நம் ஊரில் நடந்துவருகிறது. பந்தயக் குதிரை வாயில் இருக்கும் இரும்பில் சாய்ந்து ஓடப் பழகியது. நீங்கள் இழுத்துப் பிடித்தால் அது சாய்ந்துகொள்ள ஒரு இடம் கொடுக்கிறீர்கள். ஜாக்கி உயரத்தில் குந்தியிருப்பார், ஆகவே வயிற்றைச் சுற்றித் தொங்கும் நீண்ட காலும் அதற்குப் புதுசு. காலைத் தூக்கி வைத்திருந்து, தடுமாறும்போது திடீரென்று படவிட்டால் அது திடுக்கிட்டு ஓடுவதில் என்ன ஆச்சரியம்?

காலை எப்போதும் மென்மையாகப் பட்டபடி வைத்திருங்கள், அதுவே அதற்குத் தைரியம். கையைப் பற்றி ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். நடையிலும் கேன்டரிலும் குதிரையின் தலை முன்னும் பின்னும் அசையும், ட்ராட்டில் அநேகமாக அசையாது. ஆகவே நடையிலும் கேன்டரிலும் உங்கள் முழங்கை திறந்து மூடி அந்த அசைவைப் பின்தொடர வேண்டும். ட்ராட்டில் உடம்பு எழும்போது முழங்கை திறந்தால்தான் கை அதே இடத்தில் நிற்கும். பக்கத்திலிருந்து பார்த்தால் முழங்கையிலிருந்து கடிவாள இரும்புவரை ஒரே நேர்கோடு, கட்டைவிரல் மேலே. வேகத்தைக் குறைக்க நீளமாக இழுக்காமல், சுமார் 20 மீட்டர் வட்டத்துக்குத் திருப்புங்கள், நிமிர்ந்து மூச்சை நீளமாக வெளியே விடுங்கள், வாரை ஒரு கணம் பிடித்து உடனே விட்டுக்கொடுங்கள். மூச்சை அடக்கினால் இடுப்பு பூட்டிக்கொள்ளும், அந்த விறைப்பைக் குதிரை உடனே உணரும். கேன்டரில் சேணத்தில் மொத்து மொத்தென்று விழுவதைவிட, இப்போதைக்கு இருக்கையைத் தொட்டும் தொடாமலும் லேசாக இருப்பது அதன் முதுகுக்கு நல்லது. அடங்கவே இல்லையென்றால் வேறு குதிரை கேளுங்கள், அதைக் கோழைத்தனம் என்று யாரும் சொல்லக் கூடாது.

கேள்வி: எனக்கு 58 வயது. வலது இடுப்பு இறுக்கம், அந்தக் கால் இடதைப்போல் நீளமாகத் தொங்காது. படத்தில் இருப்பதுபோல் நேராக உட்கார இனி முடியுமா, விட்டுவிடலாமா?
– வாசகர், தோ பாயோ

பதில்: விட்டுவிடாதீர்கள் ஐயா. லாரென்ஷியா டானை நினைத்துப் பாருங்கள். பெருமூளை வாதமும் காது கேளாமையும் உள்ளவர். 2008 பெய்ஜிங் பாராலிம்பிக்கில் குதிரையேற்றத்தில் இரண்டு வெண்கலம் வென்றார், சிங்கப்பூர் பாராலிம்பிக்கில் வாங்கிய முதல் பதக்கங்கள் அவை. படத்தில் இருப்பதுபோன்ற உடம்பு எல்லாருக்கும் வாய்ப்பதில்லை. குதிரைக்குத் தேவைப்படுவது, உங்கள் எடை முதுகின் நடுவில், இரண்டு பக்கமும் சமமாக, அதன் அசைவோடு சேர்ந்து போவது.

முதலில் மருத்துவரிடம் இடுப்பைக் காட்டிவிடுங்கள். அவர் சரி என்றால், ஒவ்வொரு வகுப்பிலும் ஆரம்பத்தில் சில நிமிடம் அங்கவடியை விட்டுவிட்டு நடையில் மட்டும் போங்கள், யாராவது குதிரையைப் பிடித்துக்கொள்ளட்டும். உட்காரும் எலும்புகள் இரண்டும் சமமாகச் சேணத்தில் படுகிறதா என்று கவனியுங்கள். வலது எலும்பு லேசாகத் தெரிந்தால் அந்தப் பக்க விலாவைக் குறுக்கிக்கொண்டு இருக்கிறீர்கள், அதை நீட்டுங்கள். காலை இழுத்து நீட்ட முயலாதீர்கள், அது இடுப்பை இன்னும் பூட்டும். வலி வந்தால் நிறுத்திவிடுங்கள். வீடியோ எடுக்கச் சொன்னால் பக்கத்திலிருந்து மட்டும் எடுக்காமல் பின்னாலிருந்தும் எடுக்கச் சொல்லுங்கள், ஒருபக்கச் சாய்வு அங்கேதான் தெரியும். அந்த வீடியோவைக் கோச்சிடம் காட்டி, வலது அங்கவடியை ஒரு துளை குட்டையாக்கலாமா என்று கேளுங்கள். சில உடம்புக்கு அதுவே பெரிய நிம்மதி.