கிடுகுக் கூரையும் லூவர் குவிமாடமும் – வாசகர் கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நான் வன்னியிலுள்ள முத்தையன்கட்டைச் சேர்ந்தவன். அபுதாபியில் ஒரு கட்டுமான நிறுவனத்தில் ஸ்கஃபோல்டிங் (இரும்புக் குழாய்ச் சாரம்) கட்டும் வேலை செய்கிறேன். அண்மையில் ஒரு விடுமுறை நாளில் அறை நண்பர்களுடன் சாதியாத் தீவிலுள்ள லூவர் அருங்காட்சியகத்துக்குப் போனேன். சிலைகளையும் ஓவியங்களையும் பார்ப்பதற்கென்றே ஓரிடத்துக்குப் போனது எனக்கு அதுவே முதல் தடவை.

உள்ளே இருந்த பொருட்களைப் பார்த்த நேரத்தைவிட, வெளியே அந்தக் குவிமாடத்தின் கீழ் நின்ற நேரமே அதிகம். வெளிச்சம் புள்ளி புள்ளியாகத் தரையில் விழுந்துகொண்டிருந்தது. அம்மம்மாவின் கிடுகுக் கொட்டிலில் மத்தியானத்தில் இப்படித்தான் விழும். வேறெதையும் நினைக்க முடியவில்லை. அவ்வளவு பெரிய கூரை எங்கே ஊன்றி நிற்கிறது என்று தேடினேன்; தூண் ஒன்றும் தென்படவில்லை. உள்ளே ஒரு நடராசரைக் கண்டதும் கை தானாகக் கூப்பியது. “இது கோயில் இல்லையடா” என்று நண்பன் சிரித்தான். இரண்டு தலையுள்ள ஒரு பொம்மை, தாயும் பிள்ளையுமான சிலைகள் என்று எல்லாவற்றையும் பார்த்தேன். ஆனால் படித்தவர்கள் பார்ப்பதுபோல் பார்க்க எனக்குத் தெரியவில்லை. ஊர் ஞாபகம் மட்டுமே வந்தால் அது கலையைப் பார்த்ததாகுமா? இன்னொன்று: கட்டியவர் என்று ஒரு பிரெஞ்சுக்காரரின் பெயரைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். இரும்பைத் தூக்கி வைத்தவர்களின் பெயர் எங்கேயாவது இருக்குமா?

இப்படிக்கு,
சி., அபுதாபி

அன்புள்ள தம்பிக்கு,

ஊர் ஞாபகம் வந்ததில் குறையொன்றுமில்லை. புதிதாக எதைக் கண்டாலும் ஏற்கெனவே தெரிந்த ஒன்றை வைத்துத்தான் அதைப் பிடித்துக்கொள்கிறோம். படித்தவர்களும் அப்படித்தான், அவர்கள் பிடித்துக்கொள்வது வேறொரு கட்டடத்தையோ வேறொரு ஓவியரையோ என்பது மட்டுமே வேறுபாடு. ஆனால் “எங்கள் கொட்டிலைப் போல இருக்கிறது” என்பதோடு நீங்கள் நிறுத்திவிட்டீர்கள். அந்த ஒற்றுமையைக் கண்டபிறகு, எந்த இடத்தில் அது கொட்டிலைப் போல இல்லை என்று தேடத் தொடங்கியிருந்தால், ஒரு தேர்ந்த விமர்சகர் செய்யும் வேலையையே நீங்களும் செய்திருப்பீர்கள். அதற்குத் தேவையான கண் உங்களிடம் இருக்கிறது என்பதற்கு, தூணைத் தேடினேன் என்று எழுதிய அந்த ஒரு வரியே போதும்.

ஒற்றுமை நீங்கள் கற்பனை செய்ததல்ல. அக்கட்டடத்தை வடிவமைத்த ஜான் நூவெல், பேரீச்சையோலை வேய்ந்த கூரைகளினூடே கசியும் ஒளியைத் தம் மனத்தில் கொண்டே அந்தக் குவிமாடத்தை அமைத்தார். அதன் கீழ் விழும் வெளிச்சத்தை ஒளிமழை என்றே அங்குள்ளவர்கள் குறிப்பிடுகிறார்கள். ஆகவே உங்கள் அம்மம்மாவின் கொட்டிலுக்கும் அந்தக் கட்டடத்துக்கும் இடையில் ஓர் ஓலைக் கூரையின் உறவு உண்மையாகவே உண்டு. இனி வேறுபாட்டைப் பார்ப்போம்.

கிடுகுக் கூரையில் வெளிச்சம் ஒழுகுவது பழுது. பங்குனி, சித்திரையில் அதைப் பார்த்து அழகென்று சொல்லலாம். ஐப்பசி பிறக்கும் முன் அந்த ஓட்டைகளை அடைத்தோ புதுக் கிடுகு வேய்ந்தோ தீரவேண்டும், இல்லையென்றால் கார்த்திகையில் பாயை நனையாத மூலைக்கு இழுத்துக்கொண்டு திரிய நேரிடும். அபுதாபியிலோ ஆண்டு மழை சராசரியாக நூறு மில்லிமீற்றரைக்கூட எட்டுவதில்லை. அங்கே கூரைக்குப் பகை வெயில்தான். காட்சிக் கூடங்கள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கூரை இருப்பதால், அவற்றுக்கு மேலே, ஒன்றையும் நனையாமல் காக்கவேண்டிய பொறுப்பில்லாமல், நிழலைத் தருவதற்கும் அந்த நிழலை அளவோடு கிழிப்பதற்குமாகவே 180 மீற்றர் விட்டமுள்ள ஒரு குடையை விரிக்க நூவெலால் முடிந்தது. வன்னியில் ஒரு கட்டடக் கலைஞர் அதை அப்படியே எடுத்துவந்து வைத்தால், முதல் மாரியிலேயே அவரைத் தேடிக்கொண்டு போவார்கள்.

வெளிச்சம் விழும் விதத்தையும் சற்று நெருங்கிப் பார்க்கலாம். கொட்டிலின் தரையில் விழும் புள்ளிகள் ஏன் பெரும்பாலும் வட்டமாக இருக்கின்றன என்று எப்போதாவது யோசித்ததுண்டா? ஓட்டைகள் வட்டமானவையல்ல, ஓலை கிழிந்த இடம் கோணல்மாணலாகத்தான் இருக்கும். ஓட்டை போதிய அளவு சிறியதாக இருக்கும்போது தரையில் விழுவது ஓட்டையின் வடிவமல்ல, சூரியனின் பிம்பம். அதன் அகலம், ஒளி ஓட்டையிலிருந்து தரைக்கு வந்துசேரும் தூரத்தில் ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்கு. மூன்று மீற்றர் உயரக் கூரையிலிருந்து விழும் புள்ளி உச்சிவெயிலில் ஒரு நாணயத்தின் அளவில் இருப்பது இதனால்தான். 2019 டிசெம்பர் 26-ஆம் திகதி வளையச் சூரிய கிரகணம் நம் பக்கத்தில் தெரிந்தபோது, ஓலைக் கூரைக்கும் மரநிழலுக்கும் கீழே தரையெங்கும் ஒளி வளையங்கள் கிடந்ததைக் கண்டவர்கள் இதை உடனே ஒப்புக்கொள்வார்கள்.

லூவரின் குவிமாடத்திலோ ஓட்டைகளும் பெரியவை, உயரமும் பன்மடங்கு. உயரம் கூடக்கூட ஒளியின் விளிம்பு கலங்கும். அங்கே தரையில் விழும் ஒளித்திட்டுகள் கத்தரித்தெடுத்தவைபோல் கூராக இல்லாமல், தண்ணீரில் ஊறியவைபோல் ஓரம் மங்கித் தெரிவதற்குக் காரணம் அதுதான். அதைவிட முக்கியமான வேறுபாடு ஒன்றும் உண்டு. கொட்டிலில் இருப்பது ஓர் அடுக்கு ஓலை. ஆகவே காலையில் சுவரோரம் தொடங்கும் புள்ளி, வெயில் ஏற ஏறத் தரையில் மெல்ல நகர்ந்து செல்லும். குவிமாடத்தில் இருப்பவை எட்டு அடுக்குகள்: வெளியே நான்கு துருப்பிடிக்காத உருக்கினால் ஆனவை, உள்ளே நான்கு அலுமினியத்தால் ஆனவை, இரண்டுக்கும் நடுவில் ஐந்து மீற்றர் உயரமுள்ள உருக்குச் சட்டகம். நட்சத்திர வடிவான 7,850 உறுப்புகள், வெவ்வேறு அளவிலும் கோணத்திலும். முதல் அடுக்கில் நுழைந்த கதிர் மூன்றாவதில் தடுக்கப்படலாம். மூன்றாவதையும் தாண்டியது ஏழாவதில் நின்றுவிடலாம். எட்டும் ஒரே நேர்கோட்டில் வழிவிடும் அந்தக் கணத்தில் மட்டுமே தரையில் ஒரு வெளிச்சம் பிறக்கிறது. சூரியன் சற்று நகர்ந்ததும் அது அணைந்து, எதிர்பாராத வேறோரிடத்தில் இன்னொன்று எழுகிறது. கொட்டிலின் வெளிச்சம் நடக்கும்; அந்த வெளிச்சம் நடப்பதில்லை, அணைந்து அணைந்து பிறக்கிறது. மகளிடம் போகும் வழியில் அங்கே இறங்கிப் பார்த்தபோது, அரைமணி நேரம் ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்த பின்னர்தான் எனக்கு இது பிடிபட்டது. சும்மா நின்றுவிட்டேன் என்று நீங்கள் வருத்தப்படும் அந்த நேரந்தான் அக்கட்டடம் பார்ப்பவரிடம் கேட்கும் நேரம்.

ஒற்றுமையோடு நின்றுவிடும் பழக்கம் அந்த அருங்காட்சியகத்துக்கே உண்டு என்பது என் எண்ணம். நுழைவு மண்டபத்தில் நீங்கள் கண்ட தாய்–சேய் உருவங்களை நினைத்துப்பாருங்கள். எகிப்தின் இசிஸ் தெய்வம், ஐரோப்பாவின் மரியாள், கொங்கோப் பகுதியின் ஒரு தாய் ஆகிய மூவரையும் அருகருகே வைத்து, மனிதர் எங்கும் ஒருவரே என்று சொல்லாமல் சொல்கிறார்கள். நல்லெண்ணந்தான். ஆனால் இசிஸின் மடியில் இருப்பது அரசுரிமைக்குரிய தெய்வக் குழந்தை. மரியாளின் கையிலிருப்பது பின்னாளில் சிலுவையில் அறையப்படப் போகிற மகன். இந்த வேறுபாடு தெரியாமல் மூன்றும் தாய்மை என்று கடந்துபோனால், மூன்றையும் பார்க்கவில்லை என்றே பொருள்.

நீங்கள் “பொம்மை” என்று ஒரு சொல்லில் கடந்துபோன இரட்டைத் தலை உருவம், யோர்தானின் ஐன் கசால் என்னுமிடத்தில் அகழ்ந்தெடுக்கப்பட்டு இரவலாக வந்தது. வயது ஏறத்தாழ 8,500 ஆண்டுகள். நாணலைக் கட்டுக்கட்டாகச் சேர்த்துக் கயிற்றால் வரிந்து உடல் அமைத்து, அதன்மேல் சுண்ணச் சாந்து பூசி, கண்ணோரத்துக்குக் கருநிற நிலக்கீல் (இயற்கைத் தார்) தீட்டியிருக்கிறார்கள். முதலில் சட்டம், பிறகு பூச்சு. அடுத்த முறை போகும்போது இதன் முன் சற்று நில்லுங்கள். இரும்புக் குழாயைப் பிணைத்துப் பழகிய கைக்கு இது அந்நியமான வேலையல்ல.

இனி நடராசர். கை கூப்பியதற்காக வெட்கப்பட வேண்டியதில்லை. உங்கள் நண்பர் சொன்னதும் தவறில்லை. கோயிலில் உற்சவமூர்த்தியை நாம் பார்ப்பதே அரிது. பட்டும் மாலையும் சந்தனமும் போக எஞ்சுவது முகமும் ஒரு கையும் தூக்கிய பாதமும் மட்டுமே. பின்புறத்தை அர்ச்சகரைத் தவிர எவரும் கண்டதில்லை. தேன்மெழுகில் உருவம் பிடித்து, களிமண் பூசி, மெழுகை உருக்கி வடித்த வெற்றிடத்தில் உலோகத்தை வார்த்து, பிறகு அந்த அச்சை உடைத்தே எடுக்கும் முறையில் செய்யப்பட்டதால் ஒன்றைப் போல் இன்னொன்று இருப்பதில்லை. தூக்கிய காலின் பாரத்தை ஊன்றிய கால் எப்படி வாங்கிக்கொள்கிறது, இடுப்பு எந்தப் பக்கம் ஒடிகிறது, முதுகு எவ்வளவு நிமிர்ந்திருக்கிறது என்பவற்றைப் பத்தாம் நூற்றாண்டுச் சிற்பி அறிந்த அளவுக்கு நாம் அறிய வேண்டுமானால் அலங்காரம் இல்லாமல் பார்க்கவேண்டும். அந்த வாய்ப்பைக் கோயில் தராது, அருங்காட்சியகம் தரும். ஆனால் அபிடேகமும் தேவாரமும் வீதியுலாவும் அருங்காட்சியகத்தில் இல்லை. இவ்வகைத் திருமேனிகளின் பீடத்தில் தண்டு கோத்துத் தூக்குவதற்கான துளைகளோ வளையங்களோ இருக்கும். ஊர் சுற்றுவதற்கென்று செய்யப்பட்டது ஓரிடத்தில் நிற்கிறது என்பதை அவை காட்டும். ஆகவே முதலில் கும்பிடுங்கள், பிறகு சுற்றிவந்து பாருங்கள். இரண்டையும் ஒருவரே செய்யலாம்.

எந்த அருங்காட்சியகத்திலும், ஒரு பொருள் எங்கிருந்து எப்படி வந்தது என்று கேட்கும் பழக்கமும் வேண்டும். தமிழ்நாட்டு ஸ்ரீபுரந்தான் கோயிலிலிருந்து திருடப்பட்ட நடராசரை அவுஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடம் 2008-இல் விலைக்கு வாங்கியதும், உண்மை வெளிவந்த பின் 2014-இல் அது இந்தியாவுக்குத் திருப்பியளிக்கப்பட்டதும் இந்தக் கேள்வியைச் சிலர் விடாமல் கேட்டதனால் நடந்தவை.

கடைசியாகப் பெயர் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். நடராசரை வார்த்தவரின் பெயர் நமக்குத் தெரியாது. தஞ்சைப் பெரிய கோயிலில் குஞ்சரமல்லனான இராசராசப் பெருந்தச்சனின் பெயர் கல்வெட்டில் இருக்கிறது. தளிச்சேரிப் பெண்டுகள் எனப்பட்ட, கோயிலில் ஆடிய மகளிர் நானூற்றுவரின் பெயர்கள், அவர்கள் எந்தக் கோயிலிலிருந்து வந்தவர்கள், எந்த வீட்டில் குடியிருத்தப்பட்டார்கள் என்பதுவரை இருக்கின்றன. கல்லைச் சுமந்தவர்களின் பெயர்கள் இல்லை. ஆயிரம் ஆண்டு கழிந்தும் வழக்கம் பெரிதாக மாறவில்லை. சாதியாத் தீவின் கட்டுமானத் தொழிலாளர்கள் வேலை பெறுவதற்கே முகவர்களிடம் பணம் கட்டி வந்ததையும், அவர்களின் கடவுச்சீட்டுகள் பறித்து வைக்கப்பட்டதையும் மனித உரிமைகள் கண்காணிப்பகம் (Human Rights Watch) 2009-ஆம் ஆண்டிலேயே அறிக்கையாக வெளியிட்டது. அந்தக் குவிமாடத்தை அழகென்று சொல்லும்போது இதையும் சேர்த்தே சொல்லவேண்டும் என்பது என் நிலைப்பாடு. அழகு அதனால் பொய்யாகிவிடாது, கணக்குத்தான் முழுமையாகும்.

தூண் பற்றிய கேள்விக்கு நேரான பதில்: நான்கு தூண்கள் இருக்கின்றன, ஒன்றுக்கொன்று 110 மீற்றர் இடைவெளியில். அவற்றைக் கட்டடங்களுக்குள் மறைத்துவிட்டதால், ஏறத்தாழ 7,500 தொன் எடை மிதப்பதுபோல் தோன்றுகிறது. அந்த நான்கின்மேல் இறக்கி வைக்கப்படும்வரை அது முழுவதையும் தற்காலிகத் தாங்கு கோபுரங்களே சுமந்து நின்றன; வேலை முடிந்ததும் அவை கழற்றி எடுத்துச் செல்லப்பட்டன. உங்கள் தொழிலில் இருக்கும் ஒருவர் அதைக் கீழிருந்து பார்த்து, எந்த வரிசையில் தாங்கியிருப்பார்கள், எதை முதலில் தளர்த்தியிருப்பார்கள் என்று எழுதினால் அதை இத்தளத்தில் வெளியிட விரும்புகிறேன். நாலைந்து பக்கம் போனாலும் பரவாயில்லை.

அன்புடன்.